தேக்கிலைக்குக் கீழே இரண்டு விரல்

மூன்று பக்கம் மலையும் நான்காவது பக்கம் ஆறுமாக இருந்த ஒரு காட்டில், காத்தாயி என்று ஓர் உடும்பு இருந்தது. உடும்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், குழந்தைகளே. பிடித்தால் விடாது. காத்தாயி பாறையைப் பிடித்தாலும் அப்படித்தான், கேள்வியைப் பிடித்தாலும் அப்படித்தான்.

அந்தக் காட்டுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் செந்நாய்க் கூட்டம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடும்வரை பயமில்லை. கோடையில் ஆறு வற்றி மணல் தெரிந்துவிட்டால் அவை நடந்தே இக்கரைக்கு வந்துவிடும்.

போன கோடையில் ஒரு செந்நாய் வந்து காத்தாயியின் வளையைத் தோண்டியது. உள்ளே பன்னிரண்டு முட்டைகள். அங்கே காவலுக்கு நின்ற வேலாண்டி என்ற குரங்கு, கையில் ஒன்றும் இல்லாமலேயே குறுக்கே பாய்ந்தது. முட்டைகள் பிழைத்தன. வேலாண்டிக்குத்தான் பாதி வால் போயிற்று.

அதன் பிறகு யானையரசி ஓர் ஆணை போட்டது. குரங்குப் படையில் நூற்று இருபது பேர். அடுத்த கோடைக்குள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேடயம் இருக்க வேண்டும். அதற்காக வீட்டுக்கு வீடு கிழங்கு தோண்டி, படைக் கிட்டங்கியில் கொண்டுவந்து போட வேண்டும்.

எல்லாரும் போட்டார்கள். முயல்கள் தங்கள் குட்டிகளின் பங்கைக் குறைத்துக்கொண்டு போட்டன. முள்ளம்பன்றி ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் போட்டது. காத்தாயியும் நகம் தேயத் தோண்டிப் போட்டது. கிட்டங்கியில் ஆயிரத்து இருநூறு கிழங்கு சேர்ந்தது.

கேடயம் வாங்கும் பொறுப்பு தளபதி கரடியிடம் இருந்தது. கரடிக்குப் பசி அதிகம், அதைவிடக் கோபம் அதிகம். அது மணவாளன் என்ற புனுகுப்பூனையிடம் சரக்கு வாங்கியது. மணவாளன் பெரிய வியாபாரி. வரும்போதே கமகமவென்று வாசம் வரும். பேச்சும் அப்படியே மணக்கும்.

ஒருநாள் கேடயங்கள் வந்து இறங்கின. எண்ணிப் பார்த்தால் முப்பதுதான் இருந்தன. கிட்டங்கியிலோ ஒரு கிழங்கும் மிச்சமில்லை.

முப்பது குரங்குகள் கேடயத்தோடு நின்றன. தொண்ணூறு குரங்குகள் வெறுங்கையோடு நின்றன. அந்தத் தொண்ணூறில் அரை வாலோடு வேலாண்டியும் நின்றது.

மறுநாள் சபை கூடியபோது காத்தாயி நேரே நடுவில் போய் நின்றது.

"தாயே, ஒரு கேடயம் என்ன விலை?"

"நாப்பது கிழங்கு" என்றது யானையரசி.

"ஏன் நாப்பது?"

தளபதி கரடி உறுமியது. "அவன் அறுபது கேட்டான். தேக்கிலைக்குக் கீழ நான்தான் பேசிப் பேசி நாப்பதுக்கு இறக்கினேன். அதுக்கு நன்றி சொல்ல ஆளில்ல, கேள்வி கேக்க மட்டும் வந்துடறாங்க."

தேக்கிலை என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அந்தக் காட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கையை நீட்டிக்கொள்வார்கள். மேலே ஒரு தேக்கிலையைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கிழங்கு, மணிக்கட்டைப் பிடித்தால் பத்துக் கிழங்கு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேசும் இருவரில் ஒருவராவது சம்மதிக்காமல் மூன்றாமவர் இலையைத் தொடக் கூடாது. இது பரம்பரை வழக்கம்.

காத்தாயி விடவில்லை. "மணவாளா, நீ இதை எங்க வாங்கின? என்ன விலைக்கு வாங்கின?"

மணவாளன் மீசையைத் தடவிக்கொண்டது. "அக்கா, ஏழு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் இருக்கு. இடி விழுந்தாலும் எரியாத மரம். அதோட பட்டை இது. நான் முப்பத்தொன்பதுக்கு வாங்கி நாப்பதுக்குத் தர்றேன். ஏழு மலை ஏறி இறங்கின என் காலுக்கு ஒரே ஒரு கிழங்கு. அதையும் நாட்டுக்காகத்தான் செய்யறேன்."

"எந்த மலை? அந்த மரத்துக்குப் பேர் என்ன?"

"ராணுவ ரகசியம்" என்று கரடி குறுக்கே விழுந்தது. "எங்க வாங்கறோம், எப்படி வாங்கறோம்னு சபையில சொன்னா அக்கரைக்குத் தெரிஞ்சுடாதா? தாயே, இந்த உடும்பு இவ்வளவு துருவித் துருவிக் கேக்கறதப் பார்த்தா எனக்கு வேற சந்தேகம் வருது. செந்நாய்ங்களுக்கு இது உளவு பாக்குதோ என்னமோ."

சபை சலசலத்தது. காத்தாயியின் பக்கத்தில் நின்ற முயல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

காத்தாயிக்குக் கோபம் வந்தது. ஆனால் அது குரலை உயர்த்தவில்லை. "தாயே, இந்த விலையில ஏமாத்து இருக்குன்னு நான் சொல்றேன். எனக்குத் தவணை குடுங்க. ஆறு வத்தறதுக்குள்ள நிரூபிக்கிறேன்."

"நிரூபிக்கலன்னா?" என்றது கரடி.

"நானே ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிடறேன்."

அக்கரைக்குத் தனியாகப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. சபையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

"பதினஞ்சு நாள்" என்றது யானையரசி.

காத்தாயி அன்றைக்கே ஆற்றோரமாக நடந்தது. அங்கே வரிசையாக மருத மரங்கள். மருத மரத்தின் பட்டை காய்ந்தால் தானாகவே தகடு தகடாக உரிந்து விழும். எப்போதும் மரத்தடி முழுக்கப் பட்டையாகக் கிடக்கும். இப்போது ஒன்றைக்கூடக் காணோம். பெருக்கி வைத்த வாசல் மாதிரி இருந்தது. மரத்திலும் பாதி உரிந்த பட்டைகளை யாரோ நகத்தால் நெம்பி எடுத்திருந்தார்கள். காத்தாயி மூக்கை வைத்துப் பார்த்தது. கமகமவென்று புனுகு வாசம்.

'ஏழு மலையாவது, எட்டு மலையாவது. இங்கே இருந்துதான் பொறுக்கியிருக்கிறான்' என்று அது நினைத்தது.

ஆனால் இதைச் சபையில் சொன்னால் என்ன ஆகும்? முதுகு அரித்தது, மரத்தில் தேய்த்துக்கொண்டேன் என்பான் மணவாளன். பட்டைக்குப் பட்டை வித்தியாசம் வளைக்குள் இருக்கும் உடும்புக்கு என்ன தெரியும் என்பான். எல்லாரும் அவன் பேச்சுக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

காத்தாயி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு யோசித்தது. ஒருநாள் யோசித்தது, இரண்டு நாள் யோசித்தது. மூன்றாம் நாள் அதற்குச் சிரிப்பு வந்தது.

'விற்கும்போது வியாபாரி சொல்லும் விலையைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் மல்லுக்கு நிற்கிறேன்? அவன் வாங்கும்போது என்ன விலை சொல்லுவான்?'

அது நேரே வேலாண்டியிடம் போனது. "தம்பி, உன் கூட்டாளி யார்கிட்டயாவது ஒரு கேடயம் வாங்கிக் குடு. சந்தை முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்."

"எதுக்குக்கா?"

"விக்கறதுக்கு."

வேலாண்டி முழித்தது. ஆனால் காத்தாயி சொன்னால் காரணம் இருக்கும் என்று அதற்குத் தெரியும். பக்கத்துக் கிளைக் குரங்கிடம் கெஞ்சி ஒரு கேடயம் வாங்கிக் கொடுத்தது.

படையில் ஏற்றுக்கொண்ட கேடயத்தின் பின்பக்கம் கரடி தன் நகத்தால் மூன்று கீறல் போடும். அதுதான் 'சரக்கைச் சோதித்தாயிற்று' என்பதற்கு அடையாளம். காத்தாயி அந்தக் கீறல்களின் மேல் களிமண்ணைப் பூசிக் காயவைத்தது. பிறகு யானையரசியிடம் போனது.

"தாயே, வர்ற சந்தையன்னைக்கு வியாபாரப் பாறைக்குப் பக்கத்து மூங்கில் புதர்ல மேயணும் நீங்க."

"நான் எப்பவும் அங்கதானே மேயறேன்?"

"அதான் வேணும். தும்பிக்கையில மட்டும் கொஞ்சம் தண்ணி வெச்சுக்குங்க."

பதின்மூன்றாம் நாள் சந்தை கூடியது. ஆற்றில் நடுவில் ஒரு சிறு ஓடை மட்டும்தான் ஓடியது. இரண்டு பக்கமும் மணல் வெளுத்துக் கிடந்தது. அக்கரையில் செந்நாய்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

வியாபாரப் பாறைமேல் மணவாளன் உட்கார்ந்திருந்தது. கீழே கரடி ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. பக்கத்துப் புதரில் யானையரசி மூங்கில் குருத்தை ஒடித்து ஒடித்து மென்றது. யாரும் அதைப் புதிதாகப் பார்க்கவில்லை.

காத்தாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முதுகில் கேடயத்தோடு மெல்ல வந்தது.

"என்னக்கா, மூட்டை கட்டியாச்சா?" என்று சிரித்தது மணவாளன். "இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு போல."

"கட்டணும்ப்பா. வழிக்குத் தின்னக் கிழங்கு இல்ல. இதை வித்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்னது அது?"

"கேடயம். ஏழு மலைக்கு அந்தப் பக்கம் என் சித்தி மகன் இருக்கான். அவன் அனுப்பினான். நீ விக்கற அதே சரக்கு. இன்னும் தொண்ணூறு இருக்காம். நல்ல விலை கிடைச்சா அனுப்பறேங்கறான்."

மணவாளனின் காது நிமிர்ந்தது. படைக்கு இன்னும் தொண்ணூறு கேடயம் வேண்டும். யானையரசி எப்படியும் மறுபடி கிழங்கு திரட்டும். மலிவாக வாங்கிப் போட்டால் பட்டை பொறுக்கும் வேலையும் மிச்சம். அது கேடயத்தை வாங்கித் தட்டிப் பார்த்தது, வளைத்துப் பார்த்தது.

குழந்தைகளே, சந்தையில் வாங்க வந்தவர்கள் செய்யும் முதல் வேலை என்ன? பொருளைக் குறை சொல்வது. வீட்டில் மாடு இல்லாதவர்கூட விற்க வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மணவாளனுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"இதுவா ஏழு மலைச் சரக்கு? யார்கிட்டக்கா கதை விடற?" என்று ஊருக்கே கேட்கும்படிச் சொன்னது. "இது நம்ம ஆத்தோர மருதம்பட்டை. சும்மா உரிஞ்சு விழறது. ஒரு ராத்திரி தண்ணில ஊற வெச்சு வளைச்சு, நாரைப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கு. குட்டிப் பசங்ககூடச் செய்வாங்க. சுத்தப் போலி. உண்மையான சரக்கு எப்படி இருக்கும்னு படைக்காரங்க கையில போய்ப் பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கரடியும் பலாச்சுளையோடு சேர்ந்து சிரித்தது.

"சரிப்பா, ஒரு விலை சொல்லு" என்றது காத்தாயி பாவமாக. "இலையைப் போடு."

மணவாளன் ஒரு பெரிய தேக்கிலையை எடுத்தது. இரண்டு கைகளும் இலைக்குக் கீழே போயின. யானையரசி பத்தடி தூரத்தில் நிற்பதைப் பற்றி மணவாளன் கவலைப்படவே இல்லை. இலைதான் மூடியிருக்கிறதே.

உள்ளே காத்தாயி மணவாளனின் மணிக்கட்டை மூன்று முறை பிடித்தது. முப்பது.

மணவாளன் காத்தாயியின் ஒரு விரலைப் பிடித்தது.

காத்தாயி மணிக்கட்டை ஒருமுறை பிடித்தது. பத்து.

மணவாளன் பெரிய மனது பண்ணுவதுபோல் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தது. "இதுக்கு மேல ஏறாதுக்கா. தொண்ணூறையும் இதே விலைக்குக் குடுத்தா எடுத்துக்கறேன். என் கால் கூலிக்கும் ஏதாவது நிக்கணுமில்ல?"

"இதான் கடைசி விலையா?"

"கடைசி விலை."

"கையை எடுத்துட மாட்டியே?"

"நான் ஏன் எடுக்கறேன்?"

"நீ எடுக்க முடியாது" என்றது காத்தாயி. அதன் முகத்தில் இருந்த பாவம் போன இடம் தெரியவில்லை. பிடிபட்ட இரண்டு விரல்களையும் அது கொக்கிபோல் மடக்கியது. மீதி மூன்று விரல்களும் மணவாளனின் கையைச் சுற்றி இறுகின. "தாயே, இங்க வந்து இந்த இலையை எடுங்க."

மணவாளன் கையை இழுத்தது. வரவில்லை. உடம்போடு இழுத்தது. காத்தாயியும் சேர்ந்து நகர்ந்ததே தவிர பிடி நகரவில்லை.

"இலையைத் தொடக் கூடாது" என்று அலறியது மணவாளன். "பரம்பரை வழக்கம்."

"பேசற ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்மதிச்சாப் போதும்னுதான் வழக்கம்" என்றது காத்தாயி. "நான் சம்மதிக்கிறேன்."

யானையரசி வந்தது. தும்பிக்கையின் நுனியால் தேக்கிலையை மெல்லத் தூக்கியது. சந்தையே எட்டிப் பார்த்தது. மணவாளனின் கைக்குள் காத்தாயியின் இரண்டு விரல்கள். ஒன்று, இரண்டு. அதற்கு மேல் இல்லை.

"ரெண்டு கிழங்கு" என்று யாரோ சொன்னார்கள்.

மணவாளன் சட்டென்று சமாளித்தது. "ஆமா தாயே, ரெண்டுதான். போலிச் சரக்குக்கு அதுவே அதிகம். நான் படைக்குக் குடுத்தது வேற, இது வேற."

"அப்படியா? தாயே, அந்தக் கேடயத்தோட முதுகுல கொஞ்சம் தண்ணி அடிங்க" என்றது காத்தாயி.

யானையரசி தும்பிக்கைத் தண்ணீரைப் பீய்ச்சியது. களிமண் கரைந்து வழிந்தது. அடியில் மூன்று கீறல்கள் பளிச்சென்று தெரிந்தன.

கூட்டத்தில் இருந்து ஒரு குரங்கு முன்னால் வந்தது. "இது என் கேடயம். படையில எனக்குக் குடுத்தது. வேலாண்டி கேட்டான்னு நான்தான் குடுத்தேன்."

எல்லாருடைய கண்ணும் கீறல்களைப் பார்த்துவிட்டு, பலாப்பழத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த கரடியின் நகங்களுக்குப் போயின. கரடி வாயில் இருந்த சுளையை மெல்லுவதை நிறுத்தியது.

"நீ எங்களுக்கு நாப்பதுக்கு வித்த அதே கேடயம் மணவாளா" என்றது காத்தாயி. "நீயே சொன்ன, ஆத்தோர மருதம்பட்டைன்னு. நீயே சொன்ன, ரெண்டு கிழங்குதான் பெறும்னு. மீதி முப்பத்தெட்டு எங்க போச்சு? அதைச் சொல்ற வரைக்கும் என் பிடி தளராது. எனக்கு அவசரமே இல்ல. ரெண்டு நாள் இருக்கு."

பயம் வந்தால் புனுகுப்பூனைக்கு வாசத்தை அடக்க முடியாது. சந்தை முழுக்க வாசம் குப்பென்று எழுந்தது. முயல்கள் தும்மின.

"சொல்லிடறேன், சொல்லிடறேன்" என்றது மணவாளன். "பட்டை சும்மா கிடந்தது. நார் முறுக்கிக் கட்டின கூலி ரெண்டு கிழங்கு. மீதில எனக்குப் பத்தொம்பது, தளபதிக்குப் பத்தொம்பது. நான் முதல்ல ஆறு விரல்தான் கேட்டேன் தாயே. மணிக்கட்டைப் பிடி, நாலு தடவை பிடின்னு சொன்னது அவருதான்."

கரடி எழுந்து நின்றது. மார்பை நிமிர்த்தியது. "இதெல்லாம் ராணுவ ரகசியம்" என்றது. குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"இப்ப இல்ல" என்றது யானையரசி.

குரங்குகள் கரடியின் குகைக்குப் போய்ப் பார்த்தன. ஐந்நூற்று எழுபது கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்நூற்றுப் பத்து இருந்தது. மீதி அறுபது தளபதியின் வயிற்றில் இருந்தது. மணவாளனின் பொந்திலோ ஒன்றுகூடக் குறையவில்லை. அது தன் காசில் தின்று பழக்கமில்லாத ஆள்.

அன்றைக்கே கிழங்கையெல்லாம் கிட்டங்கியில் சேர்த்துவிட்டு யானையரசி ஆணை போட்டது. மணவாளனும் கரடியும் ஆற்றோரம் இன்னும் தள்ளியிருந்த மருத மரங்களில் பட்டை சேகரித்து ஊற வைத்தன. குரங்குகள் நார் முறுக்கிக் கட்டின. நார் முறுக்கியவர்களுக்குக் கேடயத்துக்கு இரண்டு கிழங்கு கூலி. தொண்ணூறு கேடயமும் முடிந்த பிறகு கிட்டங்கியில் மிஞ்சியதை வீட்டுக்கு வீடு திருப்பிக் கொடுத்தார்கள். முயல் தன் பங்கை வாங்கிக்கொண்டு போகும்போது, காத்தாயியின் பக்கத்தில் வந்து நெருங்கி நின்றது. காத்தாயி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் ஆறு வற்றியது. செந்நாய்கள் மணலில் இறங்கி நடந்து வந்தன. பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டன.

இக்கரையில் நூற்று இருபது கேடயங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூக்கு நுழையக்கூட இடமில்லை. அந்த வரிசைக்கும் முன்னால், தங்களுக்கென்று கூடுதலாகச் செய்த ஆளுக்கொரு கேடயத்தோடு கரடியும் மணவாளனும் நின்றன. இடி விழுந்தாலும் எரியாத சரக்கு என்று புகழ்ந்தவர்கள்தானே, முதலில் அவர்களே பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று யானையரசி நிறுத்தி வைத்திருந்தது. அவை இரண்டும் அன்றைக்குப் பிடித்த மாதிரி கேடயத்தை வேறு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

தலைமைச் செந்நாய் இடமிருந்து வலம் வரைக்கும் ஒருமுறை பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின.

காத்தாயியின் வளைக்கு முன்னால் அரை வாலோடு வேலாண்டி காவல் நின்றது. அந்த வருஷத்து முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே தலை நீட்டின. அதில் ஒரு குஞ்சு கேடயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"மாமா, இது என்ன விலை?"

வேலாண்டி தேக்கிலை எதையும் தேடவில்லை. எல்லாரும் பார்க்க, கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டியது.

நீதி: ஊரார் உழைப்பில் வாங்கிய பொருளின் விலையை ஊராரிடமே மறைப்பவரை நம்பாதே.